பழைய பாத்திரம்: பார்த்து வாங்கினால் பயமில்லை!

மானாவாரி விவசாயத்தையும் உப்பளக் கூலியையும் நம்பிய குடும்பங்கள் நிறைந்த பகுதி ஓட்டப்பிடாரம். தனிக்குடித்தனம் போகிறவர்கள் அடுப்படிச் சாமான் அத்தனையும் புதிதாக வாங்குவதென்றால் கையைக் கடிக்கும். பழைய பாத்திரம் வாங்கினால் பாதிச் செலவு மிச்சம், குப்பையும் குறையும். ஆனால் நம் சமையலில் புளியும் உப்பும் தாராளம். அவை சூட்டோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். எனவே, விலை பேசுமுன் பாத்திரத்தின் உட்புறத்தைப் பாருங்கள்.

தயங்காமல் வாங்கலாம்

எவர்சில்வர் குடம், அண்டா, தூக்குவாளியில் யார் பெயர் வெட்டியிருந்தாலென்ன? ஓட்டை, துரு இல்லாவிட்டால் போதும். இரும்பு தோசைக்கல்லில் மேலோட்டமான துரு இருந்தால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகச் சூடாக்கி, நல்லெண்ணெய் தடவிப் பழக்கிவிடலாம். இரும்புப் பாத்திரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் குழம்பில் கொஞ்சம் இரும்புச்சத்து சேரும். அதற்காக, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பித்தளைக்குப் பூச்சு அவசியம்

வெள்ளீயப் பூச்சு தேய்ந்த பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளி பட்டால் செம்பு உணவில் இறங்கும். வாந்தி, வயிற்றுவலி வரலாம். வெள்ளீயம் பூசிய பிறகே சமையுங்கள். பூசுகிறவர் காரீயம் கலக்காதவர்தானா என்று விசாரித்துக் கொடுங்கள்.

அலுமினியத்தில் எச்சரிக்கை

கழிவு உலோகங்களை உருக்கி வார்த்த மலிவான சட்டிகளில் காரீயம் கலந்திருக்கலாம். இண்டாலியம் எனப்படும் அலுமினியக் கலவைப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து காரீயம் உணவில் கலக்கக்கூடும் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இரும்புச்சத்து குறைந்த குழந்தைகளின் உடல் அதைக் கூடுதலாக உறிஞ்சும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், முத்திரையில்லாத வார்ப்புச் சட்டியும் உள்ளே குழி விழுந்த சட்டியும் வேண்டாம். மீன்குழம்புக்குப் புது மண்சட்டியே போதும்.

தொடவே கூடாதவை

கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவா, சில்லு பெயர்ந்த எனாமல் பாத்திரம், மூடி நெளிந்த குக்கர் ஆகியவற்றை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது ரசாயனம் வந்த பழைய பிளாஸ்டிக் டிரம். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் பெரிய டிரம் கைகொடுக்கும்தான். ஆனால் பிளாஸ்டிக்கில் ஊறிய ரசாயனம் எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது; வாடை இல்லாததால் அது சுத்தம் என்றும் ஆகிவிடாது.

எதில் செலவழிக்கலாம்?

பழைய பாத்திரத்தில் மிச்சமான காசை மூன்றுக்கு ஒதுக்குங்கள். குக்கருக்குப் புது கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும், அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புது கேஸ் டியூப், குடிநீருக்கு மூடியுள்ள புது டிரம். இவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.