ஹோகன்ஸ் ஹீரோஸ்: போர்க்கைதிகளின் நகைச்சுவையும் உண்மை வரலாறும்

ஹோகன்ஸ் ஹீரோஸ் என்பது அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1965 செப்டம்பர் முதல் 1971 வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் இருந்த ஒரு போர்க்கைதிகள் முகாம் இதன் கதைக்களம். அங்கே அடைபட்டிருக்கும் நேச நாட்டு வீரர்கள் சிலர், காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, முகாமுக்கு அடியிலேயே ஓர் இரகசியப் படைத்தளத்தை நடத்துகிறார்கள். ஆறு ஆண்டுகளில் மொத்தம் 168 பகுதிகள் வெளிவந்தன. பெர்னார்ட் ஃபெய்ன், ஆல்பர்ட் எஸ். ரட்டி ஆகிய இருவரும் இத்தொடரை உருவாக்கினார்கள். இவர்களுள் ரட்டி பின்னாளில், 1972இல் வெளிவந்த 'தி காட்ஃபாதர்' திரைப்படத்தைத் தயாரித்தவர்.

போர் முடிந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. உற்றாரைப் பறிகொடுத்தவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். நாஜிக்களைக் கோமாளிகளாகக் காட்டிச் சிரிக்கலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, இன்றும் எழுகிறது. விடை காண விரும்பும் மாணவர்கள், தொடரின் கதையமைப்பு, அதில் நடித்தவர்களின் வாழ்க்கை, உண்மையான முகாம்களின் வரலாறு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கதைக்களம்

ஜெர்மனியின் ஹம்மல்பர்க் நகருக்கு அருகில் 'ஸ்டாலாக் 13' என்ற முகாம் இருப்பதாகக் கதை. அமெரிக்க விமானப்படைக் கர்னல் ராபர்ட் ஹோகன் கைதிகளின் தலைவர். கட்டிலைத் தூக்கினால் சுரங்கத்துக்கு இறங்கும் ஏணி தெரியும். முகாமுக்கு வெளியே ஒரு மரத்தின் அடிக்கட்டை கதவாகத் திறக்கும். காவல் நாயின் கூண்டுக்கு அடியிலும் ஒரு வழி உண்டு. தளபதியின் அறையில் மாட்டியிருக்கும் ஹிட்லர் படத்துக்குள் ஒலிவாங்கி ஒளிந்திருக்கிறது. அங்கே பேசுவதைக் கைதிகள் தங்கள் அறையில் ஒரு காபிப் பாத்திரத்தின் வழியாகக் கேட்கிறார்கள்.

ஹோகனின் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைத்திறன். பிரெஞ்சுக்காரர் லெபோ சமையலில் வல்லவர். ஆங்கிலேயர் நியூகர்க் தையல், போலி ஆவணம், பூட்டுத் திறப்பு ஆகியவற்றில் கைதேர்ந்தவர். அமெரிக்கரான கார்ட்டர் வெடிபொருள் வல்லுநர். வானொலித் தொடர்பைக் கவனிப்பவர் கின்ச்லோ. கறுப்பின நடிகரான ஐவன் டிக்சன் ஏற்ற இப்பாத்திரம், அறிவும் பொறுப்பும் உள்ள சமமான வீரராகக் காட்டப்பட்டது. 1965ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இது அரிதாகவே காணக்கூடிய ஒன்று.

சிறைவைத்தவர்கள் பக்கத்தில் முகாம் தளபதி கர்னல் கிளிங்க், காவல் அதிகாரி சார்ஜென்ட் ஷுல்ட்ஸ், மேலதிகாரி ஜெனரல் பர்க்கால்டர், இரகசியக் காவல் படையான கெஸ்டபோவின் மேஜர் ஹோக்‌ஸ்டெட்டர் ஆகியோர் முக்கியமானவர்கள்.

நகைச்சுவை எப்படி இயங்குகிறது?

தம் முகாமிலிருந்து ஒரு கைதிகூடத் தப்பியதில்லை என்பது கிளிங்கின் ஓயாத பெருமை. அந்தப் பெருமையைக் கட்டிக்காப்பவர்களே கைதிகள்தான். நினைத்த நாளில் வெளியேற அவர்களால் முடியும். ஆனால் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து தப்பி வரும் வீரர்களை இங்கிலாந்துக்கு அனுப்புவதும், பாலங்களையும் ஆயுதத் தொடர்வண்டிகளையும் தகர்ப்பதும் அவர்களுடைய வேலை. அதற்கு இந்த முகாம் இருக்க வேண்டும். அதன் தலைவராகக் கிளிங்க் இருக்க வேண்டும். அவரைவிடத் திறமையான ஒருவர் வந்துவிட்டால் எல்லாம் கெட்டது. ஆகவே கிளிங்கின் பதவிக்கு ஆபத்து வரும்போதெல்லாம் ஹோகனே ஓடிவந்து காப்பாற்றுகிறார். சிறைக் காவலருக்குக் கைதி காவல் இருக்கும் இந்தத் தலைகீழ் நிலைதான் தொடரின் அடித்தளம்.

இரண்டாவது விசை அச்சம். ஷுல்ட்ஸ் கிளிங்குக்கு அஞ்சுகிறார். கிளிங்க் பர்க்கால்டருக்கு அஞ்சுகிறார். எல்லாரும் கெஸ்டபோவுக்கு அஞ்சுகிறார்கள். தவறு செய்பவருக்குக் கிடைக்கக்கூடிய தண்டனை, உறைபனியில் ரஷ்யப் போர்முனைக்கு மாற்றல். கண்ணெதிரே கைதிகள் செய்யும் திருவிளையாடல்களைப் பார்த்துவிட்டு, தாம் எதையும் பார்க்கவில்லை, எதுவும் தமக்குத் தெரியாது என்று ஷுல்ட்ஸ் கண்ணை மூடிக்கொள்வது இத்தொடரின் மிகப் புகழ்பெற்ற வேடிக்கை. உண்மையைச் சொன்னால், "நீ காவல் இருக்கும்போது இது எப்படி நடந்தது?" என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. கொடுங்கோல் ஆட்சியில் அச்சம் மேலிருந்து கீழே பாயும். உண்மை கீழிருந்து மேலே போகாது. சிரிப்புக்கு நடுவே தொடர் சொல்லித் தரும் பாடம் இதுவே.

சீருடை அணிந்தவர்கள் யார்?

இத்தொடரில் ஜெர்மானியராக நடித்த நான்கு முக்கிய நடிகர்களும் யூதர்கள். அவர்களுள் மூவர் நாஜி ஆட்சியால் தாயகத்தை இழந்தவர்கள்.

கிளிங்காக நடித்த வெர்னர் கிளெம்பரர் 1920இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தவர். புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஓட்டோ கிளெம்பரரின் மகன். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இலேயே இவருடைய குடும்பம் ஜெர்மனியை விட்டு வெளியேறியது. பின்னர் இவர் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றினார். கிளிங்க் ஒரு பகுதியில்கூட வெல்லக் கூடாது, எப்போதும் முட்டாளாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இவர் இந்த வேடத்தை ஏற்றார். இவ்வேடத்துக்காக 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் எம்மி விருது பெற்றார்.

ஷுல்ட்ஸாக நடித்த ஜான் பேனர் ஆஸ்திரிய நடிகர். 1938இல் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, நாடகக் குழுவோடு சுவிட்சர்லாந்தில் இருந்தார். ஊர் திரும்ப முடியவில்லை. அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தார். ஊரில் இருந்த உறவினர் பலர் யூத இனப்படுகொலையில் மாண்டார்கள். பர்க்கால்டராக நடித்த லியான் ஆஸ்கின் வியன்னாவில் பிறந்தவர். இவருடைய பெற்றோர் ட்ரெப்ளிங்கா படுகொலை முகாமில் கொல்லப்பட்டனர்.

லெபோவாக நடித்த ராபர்ட் கிளேரியின் கதை இன்னும் கனமானது. பாரிஸில் 1926இல், பதினான்கு குழந்தைகளில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் இவர். 1942இல் பதினாறு வயதில் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டார். பல முகாம்களுக்குப் பின் புக்கன்வால்ட் வதை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அந்த முகாம் 1945 ஏப்ரல் 11 அன்று விடுவிக்கப்பட்டபோது இவர் உயிரோடு இருந்தார். தம்மோடு கொண்டு செல்லப்பட்ட பன்னிரண்டு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை என்பது வீடு திரும்பிய பிறகே இவருக்குத் தெரிந்தது. முகாமில் பச்சை குத்தப்பட்ட எண் கடைசிவரை இவருடைய கையில் இருந்தது. போர்க்கைதிகள் முகாமும் வதை முகாமும் ஒன்றல்ல என்பதை அறிந்தே நடித்ததாக இவர் விளக்கியிருக்கிறார். 1980களிலிருந்து பள்ளி பள்ளியாகச் சென்று தாம் கண்டதை மாணவர்களுக்கு எடுத்துரைத்தார். 2022இல் 96ஆம் வயதில் காலமானார்.

இரண்டு வகை முகாம்கள்

கிளேரி சுட்டிக்காட்டிய வேறுபாடு முக்கியமானது. போர்க்கைதிகள் முகாம் என்பது போரில் பிடிபட்ட படைவீரர்களை அடைத்துவைக்கும் இடம். 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இதற்கு விதிகள் வகுத்தது. கைதிகளைப் போர்த் தொழிலில் ஈடுபடுத்தக் கூடாது. தப்ப முயன்று பிடிபட்டவருக்கு அதற்காக 30 நாள்களுக்கு மேல் சிறைத் தண்டனை தரக் கூடாது என்பன அவற்றுள் சில. வதை முகாம்களுக்கு எந்த விதியும் இல்லை. யூதர்கள், ரோமா மக்கள், அரசியல் எதிரிகள் முதலிய குடிமக்கள் அங்கே பட்டினியாலும் கொடிய உழைப்பாலும் கொல்லப்பட்டனர். படுகொலைக்கென்றே தனி முகாம்களும் கட்டப்பட்டன. ஹோகன்ஸ் ஹீரோஸ் முதல் வகை முகாமைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வதை முகாமை வைத்து எடுத்த நகைச்சுவை என்று இதைச் சொல்பவர்கள் இன்றும் உண்டு.

போர்க்கைதிகளிலும் எல்லாருக்கும் ஒரே நடத்தை கிடைக்கவில்லை. பிரிட்டன், அமெரிக்க வீரர்கள் பெரும்பாலும் உடன்படிக்கையின் நிழலில் வாழ்ந்தார்கள். சோவியத் வீரர்களுக்கு அந்த நிழல் மறுக்கப்பட்டது. ஜெர்மனியிடம் பிடிபட்ட ஏறத்தாழ 57 லட்சம் சோவியத் வீரர்களில் 33 லட்சம் பேர் வரை இறந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களுடைய முகாமை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடரை எண்ணிப் பார்க்கவும் முடியாது.

எது உண்மை, எது கற்பனை?

ஹம்மல்பர்க்கில் உண்மையாகவே முகாம்கள் இருந்தன. சாதாரண வீரர்களுக்கான முகாம் 'ஸ்டாலாக்' எனப்பட்டது. அதிகாரிகளுக்கான முகாம் 'ஓஃப்லாக்'. விமானப் படையினருக்குத் தனி முகாம்கள் இருந்தன. ஆகவே ஒரு விமானப்படைக் கர்னல் ஸ்டாலாக்கில் இருப்பதே முறைப்படி பொருந்தாது. 1945 மார்ச்சில் ஹம்மல்பர்க் அதிகாரிகள் முகாமை விடுவிக்க அமெரிக்க ஜெனரல் பேட்டன் சுமார் 300 பேரை அனுப்பினார். அந்த முயற்சி தோற்றது. சென்றவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள் அல்லது பிடிபட்டார்கள்.

முகாமிலிருந்து வெளியே போய்ப் பாலத்தைத் தகர்த்துவிட்டு, விடிவதற்குள் திரும்பி வந்து வரிசையில் நிற்பது முழுக் கற்பனை. ஆனால் நம்ப முடியாதவையாகத் தோன்றும் சில நுணுக்கங்களுக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு:

• கைதிகள் பல முகாம்களில் வானொலிப் பெட்டிகளை மறைத்து வைத்துச் செய்தி கேட்டார்கள்.
• பிரிட்டன் 1939இல் தொடங்கிய எம்.ஐ.9 என்ற அமைப்பு, பட்டுத் துணியில் அச்சிட்ட வரைபடங்களையும் சட்டைப் பொத்தானுக்குள் அடங்கும் திசைகாட்டிகளையும் தயாரித்தது. கைதிகளோடு குறிமொழிக் கடிதங்களும் பரிமாறிக்கொண்டது.
• செஞ்சிலுவைச் சங்கப் பொதிகளில் வந்த சாக்லேட், காபி, சிகரெட் ஆகியவற்றைக் கொடுத்துக் கைதிகள் காவலர்களை வசப்படுத்தினார்கள். ஒருமுறை வாங்கியவர், காட்டிக் கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் அடுத்த முறையும் உதவினார். ஷுல்ட்ஸ் இனிப்புக்கு மயங்குவது வெறும் வேடிக்கை அல்ல.
• 1943இல் ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற முகாமில் உடற்பயிற்சிக்கான மரக்குதிரைக்குள் ஆள் ஒளிந்துகொண்டு சுரங்கம் தோண்டினார்கள். அதன் வழியே தப்பிய மூவரும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

தப்பித்தலின் விலை

அதே ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமில் 1944 மார்ச் 24 இரவு நடந்ததை அறியாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. கைதிகள் சுமார் 9 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் வெட்டினார்கள். சுவர் சரியாமல் இருக்கக் கட்டில் பலகைகளை முட்டுக்கொடுத்தார்கள். பால்மாவு டின்களை ஒன்றோடொன்று பொருத்திக் காற்றுக்குழாய் அமைத்தார்கள். தோண்டிய மணலைக் காற்சட்டைக்குள் தொங்கவிட்ட பைகளில் நிரப்பி, நடந்துகொண்டே கொட்டினார்கள். அன்றிரவு 76 பேர் வெளியேறினர். மூவர் மட்டுமே விடுதலை அடைந்தனர். பிடிபட்ட 73 பேரில் 50 பேர் ஹிட்லரின் ஆணைப்படி கெஸ்டபோவால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 30 நாள் தண்டனைக்குரிய செயலுக்குக் கிடைத்தது மரணம். இனித் தப்பித்தல் விளையாட்டல்ல என்று எச்சரிக்கும் சுவரொட்டிகளை ஜெர்மானியர் முகாம்களில் ஒட்டினார்கள். போருக்குப் பின் பிரிட்டிஷ் விமானப்படை கொலையாளிகளைத் தேடிப் பிடித்தது. ஹாம்பர்க்கில் விசாரணை நடந்து 13 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

வரவேற்பும் விமர்சனமும்

முதல் ஆண்டிலேயே இத்தொடர் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட பத்து நிகழ்ச்சிகளுள் ஒன்றாயிற்று. கதை பற்றி வழக்கும் வந்தது. 1951இல் மேடையேறிய 'ஸ்டாலாக் 17' நாடகத்தை எழுதிய டொனால்ட் பெவன், எட்மண்ட் டிரெசின்ஸ்கி இருவரும் உண்மையில் போர்க்கைதிகளாக இருந்தவர்கள். தங்கள் படைப்பைத் தொடர் எடுத்தாண்டுவிட்டது என்று வழக்குத் தொடர்ந்தார்கள். நடுவர் குழு அவர்களுக்குச் சாதகமாகச் சொன்னது; நீதிபதி அதை ஏற்கவில்லை. அந்நாடகமும் அதிலிருந்து 1953இல் பில்லி வைல்டர் எடுத்த திரைப்படமும் சிரிப்போடு துயரத்தையும் காட்டியவை. ஹோகன்ஸ் ஹீரோஸில் துயரம் ஏறத்தாழ இல்லை.

ஜெர்மனியில் இத்தொடர் 1990களில்தான் ஒளிபரப்பானது. முதல் மொழிமாற்றம் எடுபடவில்லை. பிறகு வசனங்களைப் புதிதாக எழுதி, கிளிங்குக்குச் சாக்சனி வட்டார வழக்கும் ஷுல்ட்ஸுக்குப் பவேரிய வழக்கும் கொடுத்தார்கள். திரையில் ஒருபோதும் தோன்றாத 'கலிங்கே' என்ற வேலைக்காரப் பெண்ணைப் பற்றிய பேச்சையும் கிளிங்கின் வாயில் சேர்த்தார்கள். அதன் பிறகு ஜெர்மானியரும் விரும்பிப் பார்த்தார்கள்.

தொடர் மீதான முதன்மையான குறை, நாஜிக்களை அசடர்களாகக் காட்டுவதால் அவர்களுடைய கொடுமை மறைகிறது என்பது. இது புறக்கணிக்கத் தக்க குறை அன்று. இத்தொடரை மட்டும் பார்க்கும் மாணவர், முகாம் வாழ்க்கை ஒரு விடுதி வாழ்க்கை என்றே எண்ணிவிடக்கூடும். மறுபக்கமும் உண்டு. தன்னை வெல்ல முடியாதவன் என்று பறைசாற்றிக்கொண்ட ஆட்சிக்குச் சிரிப்பு பெரிய அவமானம். கிளிங்க் ஒருமுறைகூட வெல்லக் கூடாது என்று கிளெம்பரர் விதித்த நிபந்தனையின் பொருள் அதுதான். நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட சிறுவன், துரத்தியவர்களின் சீருடையை அணிந்து, 168 பகுதிகளிலும் அவர்களைத் தோற்கடித்துக் காட்டினார்.

ஆகவே இத்தொடரைப் பார்ப்பவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த 50 பேரைப் பற்றியும், ராபர்ட் கிளேரியின் கையில் இருந்த எண்ணைப் பற்றியும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. அதனால் சிரிப்பு குறைந்துவிடாது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது தெளிவாகும்.