அமெரிக்க காலேஜ்ல 'ப்ரீகால்குலஸ்': யார் படிக்கணும்? என்ன எதிர்பார்ப்பாங்க? முழு விவரம்

அமெரிக்காவில் இளங்கலை படிக்க சீட் கிடைச்சாச்சு, விசாவும் வந்தாச்சு. ஆனால் வகுப்புகளைப் பதிவு செய்யப் போனால், 'நேரடியா கால்குலஸ் எடுக்க முடியாது, முதல்ல ப்ரீகால்குலஸ் முடிங்க' என்கிறது கல்லூரி. இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கால்குலஸ் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால், அதை நம்பி இருக்கும் இயற்பியல் பாடமும் தள்ளிப்போகும். கூடுதல் செமஸ்டர் தேவைப்பட்டால், செலவும் கூடும்.

அப்படி என்ன பாடம் இது? பார்க்கலாம்.

ப்ரீகால்குலஸ் என்றால் என்ன?

கால்குலஸ் எனும் நுண்கணிதத்துக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய கணக்குகளின் தொகுப்புதான் இது. சார்புகள், பல்லுறுப்புக் கோவைகள், அடுக்குக்குறிச் சார்புகள், மடக்கை, முக்கோணவியல், இவற்றின் வரைபடங்கள் ஆகியவை முக்கியப் பகுதிகள். சில கல்லூரிகள் இதை காலேஜ் அல்ஜீப்ரா, ட்ரிகனாமெட்ரி என இரண்டு பாடங்களாகப் பிரித்தும் நடத்துகின்றன.

தமிழ்நாட்டில் பிளஸ் 1, பிளஸ் 2-வில் கணிதப் பாடம் எடுத்தவர்களுக்கு இதில் பெரும்பகுதி பழக்கமானதுதான். மடக்கை, முக்கோணவியல், பகுமுறை வடிவியல் மட்டுமல்ல, வகைநுண்கணிதமே பிளஸ் 1 புத்தகத்தில் தொடங்கிவிடுகிறது. சிக்கல் வருவது, கணிதம் இல்லாத பிரிவில் படித்துவிட்டு அங்கே போய் அறிவியல் அல்லது பிசினஸ் பாடம் எடுப்பவர்களுக்கு.

எந்த வகுப்பு என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு விதி. பொதுவாக நான்கு வழிகள் உண்டு.

1. கல்லூரி நடத்தும் பிளேஸ்மென்ட் டெஸ்ட்
2. எஸ்ஏடி, ஏசிடி தேர்வுகளின் கணித மதிப்பெண்
3. அதற்கு முந்தைய கணிதப் பாடத்தில் 'சி' கிரேடு அல்லது அதற்கு மேல்
4. ஏ.பி. தேர்வு மதிப்பெண். ஏ.பி. ப்ரீகால்குலஸ் தேர்வு முதல்முறையாக 2024 மே மாதம் நடந்தது. எத்தனை மதிப்பெண்ணுக்கு கிரெடிட் என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும்.

பிளேஸ்மென்ட் டெஸ்டில் பல கல்லூரிகள் 'அலெக்ஸ்' என்ற ஆன்லைன் தேர்வைப் பயன்படுத்துகின்றன. அதிகபட்சம் 30 கேள்விகள். முந்தைய பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும். பெரும்பாலும் விடையை நாமே போட்டு எழுத வேண்டும், நான்கில் ஒன்றை டிக் அடிக்கும் தேர்வு அல்ல. மதிப்பெண் குறைந்தால், இடையில் பயிற்சி எடுத்துவிட்டு மறுபடியும் எழுத வாய்ப்பு தரும் கல்லூரிகள் உண்டு.

வீட்டிலிருந்து எழுதுறோம், பக்கத்துல யாராவது உதவி செஞ்சா என்ன என்று தோன்றலாம். அங்கேதான் ஆபத்து. மதிப்பெண் கூடும், ஆனால் தாங்க முடியாத வகுப்பில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

சேர்ந்த பிறகு என்ன எதிர்பார்ப்பாங்க?

முதலில் நேரம். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பு என்பதே அங்குள்ள பொதுவான கணக்கு. அப்படியென்றால் 4 கிரெடிட் பாடத்துக்கு வாரம் 12 மணி நேரம்.

அடுத்து, வீட்டுப்பாடம். பெரும்பாலும் ஆன்லைனில்தான், கெடு தேதியும் இருக்கும். இங்கே கடைசி மாதம் படித்து வருடத் தேர்வில் தேறிவிடலாம் என்ற பழக்கம் அங்கே எடுபடாது. வீட்டுப்பாடம், குவிஸ், இடைத்தேர்வுகள், இறுதித் தேர்வு எல்லாம் சேர்ந்துதான் கிரேடு. எதற்கு எத்தனை சதவீதம் என்பது முதல் வாரத்தில் தரும் 'சிலபஸ்' தாளில் இருக்கும். அதை முழுசா படிச்சிடணும்.

மூன்றாவது, கால்குலேட்டர். சில வகுப்புகளில் வரைபடம் போடும் கால்குலேட்டர் கட்டாயம், சில வகுப்புகளில் தேர்வறைக்குள் எந்தக் கால்குலேட்டருக்கும் அனுமதி இல்லை. காசு கொடுத்து வாங்கும் முன் கேட்டுவிடுவது நல்லது.

எங்கே சறுக்குகிறார்கள்?

புதிய பாடத்தை விட, பழைய அல்ஜீப்ராதான் காலை வாரும். உதாரணம்: 1-ஐயும் 3-ஐயும் கூட்டி வர்க்கம் எடுத்தால் 16. தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 10. இரண்டும் ஒன்றல்ல என்பது எண்ணில் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் பலருக்கும் கை தவறுகிறது.

இன்னொன்று ரேடியன். சைன் 30 டிகிரி என்றால் 0.5. அதே கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் சுமார் மைனஸ் 0.988 காட்டும். கணக்கு சரியா போட்டும் விடை தப்பு. கால்குலஸில் கோணங்கள் ரேடியனில்தான் வரும் என்பதால் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும்.

தடுமாறினால் என்ன செய்யலாம்?

பேராசிரியரின் 'ஆஃபீஸ் அவர்ஸ்' என்பது மாணவர்கள் சந்தேகம் கேட்பதற்காகவே ஒதுக்கிய நேரம். தயக்கம் தேவையில்லை. பல கல்லூரிகளில் இலவச டியூஷன் மையமும் உண்டு. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட ப்ரீகால்குலஸ் புத்தகம் இணையத்தில் இலவசம். கிளம்பும் முன்பே படிக்கத் தொடங்கலாம்.

சமாளிக்க முடியவில்லை என்று பாடத்தைப் பாதியில் விடும் முன் ஒரு எச்சரிக்கை. எஃப்-1 விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர்கள் ஒரு செமஸ்டரில் பொதுவாக 12 கிரெடிட்டாவது படிக்க வேண்டும். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்அனுமதி வாங்காமல் அதற்குக் கீழே போனால், விசா நிலைக்கே சிக்கல்.

கடைசியாக ஒன்று. ப்ரீகால்குலஸில் போட்டுவிட்டார்கள் என்பது அவமானம் அல்ல. அடிப்படை ஆடிக்கொண்டிருக்கும்போது கால்குலஸ் எடுத்து தோற்றால், அந்த கிரேடு மார்க் பட்டியலில் ஏறும், ஒரு செமஸ்டரும் போகும். அதற்கு முந்தைய படியில் நின்று உறுதியாக ஏறுவதே லாபம். தேர்வுக்கு முன் ஒரு மாதம் பழைய பிளஸ் 1 புத்தகத்தைப் புரட்டினால், அந்தப் படியே தேவைப்படாமலும் போகலாம்.