'புறக்கணிப்பு' என்னும் சொல்லும் பெற்றவளின் உரிமையும்

1

'பெற்றோர் உரிமை ரத்து' என்றொரு தலைப்பை நமது சிறார் நீதிச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. அமெரிக்காவில் அதற்கென்று தனி விசாரணை இருக்கிறது. தெளிவான, நம்பத்தக்க சாட்சியம் இல்லாமல் பெற்றோர் உரிமையைப் பறிக்கக்கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982இல் சான்டோஸ்கி வழக்கில் சொன்னது. கடைசி 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை அரசின் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, அரசு வழக்குப் போட்டாக வேண்டும் என்று 1997ஆம் வருடச் சட்டம் சொன்னது. கொடுமைதான். ஆனாலும் அங்கே தாய் ஒரு தரப்பு. அவள் பேர் காகிதத்தில் இருக்கிறது, அவள் எதிர்த்துப் பேசலாம். இங்கே அதே காரியம் பேர் இல்லாமலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

2

1920இல் வந்த சென்னைச் சிறார் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. பிச்சையெடுக்கிற, நாதியற்றுத் திரிகிற பிள்ளைகளைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்த அது வழி செய்தது. 1986இன் மத்தியச் சட்டம் இந்தப் பிள்ளைகளுக்குப் 'புறக்கணிக்கப்பட்ட சிறார்' என்று பேர் வைத்தது. 2000இல் அந்தச் சொல் போய் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' வந்தது. இப்போது நடைமுறையில் உள்ள 2015ஆம் வருடச் சட்டத்திலும் அதே பேர்தான்.

பேர்தான் மாறியது, உள்ளடக்கம் மாறவில்லை. வீடோ நிலையான இருப்பிடமோ வெளிப்படையான பிழைப்பு வழியோ இல்லாத குழந்தை என்று 1986இல் எழுதிய வரையறை 2015இலும் அப்படியே இருக்கிறது. இது ஒரு குற்றத்தின் வரையறையா, வறுமையின் வரையறையா? குடும்பத்தை நேரடியாகத் தண்டிக்காமல், அக்கறை என்கிற பேரில் அதனுள் நுழைகிற அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோவைத் தொடர்ந்து ழாக் தொன்ஸலோ 1977இல் எழுதினார். நம்மூரில் நுழைவதற்குக் கதவுகூட வேண்டாம். குடும்பமே ப்ளாட்பாரத்தில்தானே இருக்கிறது.

3

நடைமுறை இதுதான். போலீசோ, 1098க்கு வந்த அழைப்பின் பேரில் போனவர்களோ பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு மாஜிஸ்டிரேட்டின் அதிகாரம் உண்டு. 'பெற்றோர் தகுதியற்றவர்' என்று அதனால் முடிவு செய்ய முடியும்.

பெற்றவளே ஒப்படைத்தால் மனம் மாற 60 நாள் அவகாசம். 'கைவிடப்பட்ட' குழந்தை என்றால் பெற்றோரைத் தேட வேண்டும், நாளிதழில் விளம்பரம் தர வேண்டும். யாரும் வராவிட்டால், 2 வயது வரையுள்ள பிள்ளையை 2 மாதத்திலும் அதற்கு மேற்பட்ட பிள்ளையை 4 மாதத்திலும் தத்துக்கு விடுவித்து அறிவிக்கலாம். எந்தத் தாய் அந்த நாளிதழைப் படிப்பாள் என்று சட்டம் கேட்பதில்லை.

கடைசிப் படி தத்து உத்தரவு. பிறந்த குடும்பத்தோடு இருந்த பந்தங்கள் அனைத்தும் அந்தத் தேதியிலிருந்து அறுபடுகின்றன என்கிறது 63ஆம் பிரிவு. நம்மூர் 'உரிமை ரத்து' இதுதான். 2021 திருத்தத்தின்படி, 2022 செப்டம்பர் முதல் இந்த உத்தரவைப் போடுகிறவர் நீதிபதி இல்லை, கலெக்டர். தத்து ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதால் பெற்றவளுக்கு அங்கே நோட்டீஸ் போவதில்லை. ஆக, அவளுடைய உரிமை வேறொருவரின் உரிமை பிறக்கிறபோது பக்கவிளைவாகச் செத்துப்போகிறது.

4

சமீப காலத்தில் இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது: இல்லத்தில் இருந்தும் ஓராண்டுக்கு மேல் யாரும் வந்து பார்க்காத பிள்ளைகள். இவர்களையும், பாதுகாவலர் 'தகுதியற்றவர்' ஆன பிள்ளைகளையும் தத்துக்கு விடுவிக்கலாம் என்கிற பேச்சு 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது.

இதை நான் தியாகராய நகரில் நின்று யோசிக்கிறேன். ஜி.என். செட்டி சாலையில் பால மந்திர் 1949இலிருந்து இயங்குகிறது. தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கும்போதே, சோத்துக்கும் படிப்புக்குமாகப் பிள்ளையை 'ஹோம்'ல விடுவது இந்த நகரத்து ஏழைகளுக்குப் பழைய வழக்கம். அவர்கள் கணக்கில் அது கைவிடல் கிடையாது, ஹாஸ்டல் மாதிரி. மனு எழுதித் தரச் சொல்லி வந்த பூக்காரம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "போய்ப் பாக்கலன்னா புள்ள என்னுது இல்லன்னு ஆயிடுமா சார்? பாக்கப் போனா அன்னிக்கு யாவாரம் போச்சே."

நகரத்தின் நடுவிலிருந்து குடிசைகளைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டியது அரசு. அங்கிருந்து பெண்கள் விடிகாலையில் பஸ் ஏறி வீட்டுவேலைக்கு நகரத்துக்குள் வருகிறார்கள். இருட்டின பிறகு திரும்புகிறார்கள். பகல் முழுக்கப் பிள்ளை தனியாக இருக்கிறது. இது புறக்கணிப்பு என்றால் புறக்கணித்தது யார்?

5

காகிதம் எவ்வளவு சுலபமாகத் தாயை இல்லாமலாக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 2005இல் போலீஸ் ஒரு கடத்தல் கும்பலைப் பிடித்தது. குடிசைப் பகுதிகளில் திருடிய பிள்ளைகள் மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனம் வழியாக வெளிநாடுகளுக்குப் போனதாகக் குற்றச்சாட்டு எழுந்து, சி.பி.ஐ. விசாரணை வரை போனது. பிள்ளையைத் தேடி வருஷக்கணக்கில் அலைந்தவர்கள், ஏடுகளில் 'தாமாகவே ஒப்படைத்த' பெற்றோர்.

2011இல் நார்வே அரசு ஒரு வங்காளித் தம்பதியின் இரு பிள்ளைகளை எடுத்துக்கொண்டபோது டில்லியே பேசியது, பிற்பாடு சினிமாவும் வந்தது. பேச வேண்டியதுதான். ப்ளாட்பாரத்துத் தாய்க்காக யார் பேசினார்கள்?

6

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்றோரின் சொத்து என்று நான் வாதாடவில்லை. சூடு வைக்கிற அப்பன், பிள்ளையை விற்கிற உறவுக்காரன் எல்லாம் நிஜம். குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையிலிருந்து பிள்ளையை எடுத்தே தீர வேண்டிய தருணங்கள் உண்டு. ஆனால் சூடு வைத்தவனையும் வாடகை கொடுக்க முடியாதவளையும் ஒரே ஃபைலில் போடுகிற சொல்லைத்தான் எதிர்க்கிறேன். வறுமை ஒன்றையே காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது என்று 2009இல் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் சொல்லிவிட்டன. இல்லம் கடைசி வழி என்று நமது சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது.

ஆகவே களத்தில் இருக்கும் தோழர்கள் கேட்க வேண்டியவை: குழுவின் முன் நிற்கும் தாய்க்கு முதல் நாளே வக்கீல் (1987ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உரிமை); குழுவின் உத்தரவு அவளுக்குப் புரிகிற தமிழில், கையில்; மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது; பிள்ளையைப் பார்க்கப் போகிற நாளுக்குப் பஸ் காசும் கூலியும். வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. பிள்ளையை எடுப்பதற்கு முன்னால் அதைக் கொடுத்துப் பார்த்தார்களா என்று ஒவ்வொரு ஃபைலிலும் கேட்கணும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'குழந்தையைக் கைவிட்ட தாய்' என்று செய்தியிலும் கதையிலும் கூசாமல் எழுதிவிடுகிறோம். குழு தன் ஏட்டில் எழுதுவதும் அதே சொல்லைத்தான்.