ரூ.23,000-க்கு ‘மேக்’ கட்டினோம்: கடைசியில் எவ்வளவு ஆச்சு?



லேப்டாப் இஎம்ஐ பற்றி சேனலில் வீடியோ போட்டதிலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. “சார், பழைய பார்ட்ஸ் வாங்கி, மேக் ஓஎஸ் ஓடுற மாதிரி ஒரு டெஸ்க்டாப் கம்மி விலையில கட்டலாமா?”

இதுக்கு என்னிடம் பதில் இருக்கு. ஏன்னா 2023-ல் நானே அதைச் செய்து பார்த்தேன். என் பணத்தில் இல்லை, என் சித்தி பையன் பணத்தில். ஐடியா கொடுத்தது நான், செலவு அவனுக்கு. அதனால் இந்தக் கணக்கை முழுசா எழுதுறது என் கடமை.

எங்கே ஆரம்பிச்சது?

தம்பிக்கு அப்போ 24 வயசு. வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் அக்கவுன்ட்ஸ் வேலை, கையில் வர்ற சம்பளம் ரூ.28,000. ராத்திரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுவான். அவனுக்கு வேலை கொடுக்கிற திண்டுக்கல் வீடியோகிராபர் ஃபைனல் கட் புரோவில் வேலை செய்பவர். அந்த சாஃப்ட்வேர் விண்டோஸில் ஓடாது. அதனால் இவனுக்கு மேக் தேவை. இது ஆசை இல்லை, உண்மையான தேவை. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். “அண்ணே, ஒரு லட்சத்துக்கு பர்சனல் லோன் தர்றாங்க. மேக்புக் வாங்கிரவா?”

16% வட்டி, 24 மாதம். மாதம் ரூ.4,896 கட்டணும். வட்டி மட்டும் சுமார் ரூ.17,500. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் இஎம்ஐக்கே போயிடும். “லோன் வேண்டாம்டா தம்பி, பழைய பார்ட்ஸ்ல கட்டுவோம்”னு சொன்னேன்.

ஹேக்கின்டாஷ் என்றால் என்ன?

2006-லிருந்து ஆப்பிள் தன் கம்ப்யூட்டர்களில் இன்டெல் பிராசசர் போட ஆரம்பித்தது. நம்ம வீட்டு கம்ப்யூட்டரிலும் அதே இன்டெல்தான். அப்போ மேக் ஓஎஸ் இதிலும் ஓடணுமே? ஓடாது. அது எழுந்திருக்கும்போதே “இது ஆப்பிள் மெஷினா?”ன்னு சோதித்துப் பார்க்கும். அதுக்காகவே உள்ளே இருக்கிற ஒரு ஃபைலுக்கு ‘டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்’ என்றே பெயர் வச்சிருக்காங்க.

ஓபன்கோர் என்ற இலவச மென்பொருள் நடுவில் உட்கார்ந்து, “ஆமா, இது ஐமேக்தான்”னு பதில் சொல்லும். பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரங்க நாம், 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிட்டோம். நமக்குப் புரியுற மாதிரி சொன்னா, இது டூப்ளிகேட் சாவி. திறக்கும். ஆனா பூட்டுக்காரர் உள்ளே ஒரு லீவரை மாற்றினால், அன்னைக்கே சாவி வேலை செய்யாது.

நாங்க போட்ட பில்

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கினோம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வீட்டிலேயே இருந்தது.

- ஐ5 ஆறாம் தலைமுறை பிராசசர் + மதர்போர்டு (பழசு): ரூ.6,500
- 16 ஜிபி ரேம் (பழசு): ரூ.2,600
- 500 ஜிபி எஸ்எஸ்டி (புதுசு): ரூ.2,800
- ஆர்எக்ஸ் 570 கிராபிக்ஸ் கார்டு (பழசு): ரூ.5,500
- எஸ்எம்பிஎஸ் (புதுசு): ரூ.2,700
- கேபினட் (பழசு): ரூ.700
- பிராட்காம் வைஃபை கார்டு (பழசு): ரூ.2,200

மொத்தம் ரூ.23,000.

ஏன் ஆர்எக்ஸ் 570? என்விடியாவின் புதிய கார்டுகளுக்கு 2018-ல் வந்த மொஹாவியிலிருந்தே மேக் ஓஎஸ்ஸில் டிரைவர் கிடையாது. இந்த ஏஎம்டி கார்டை மேக் ஓஎஸ் தானாகவே அடையாளம் கண்டுக்கும். 2022 செப்டம்பரில் எத்திரியம் மைனிங் நின்ற பிறகு இந்த மாதிரி கார்டுகள் செகண்ட் ஹேண்டில் நிறைய வந்தது. மைனிங்கில் ராப்பகலா ஓடின கார்டாகவும் இருக்கலாம். அதனால் கடையிலேயே அரை மணி நேரம் ஓட விட்டுப் பார்த்துதான் வாங்கினேன்.

எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் மட்டும் புதுசு. இதில் மிச்சம் பிடிக்காதீங்க. எஸ்எம்பிஎஸ் போனா கூட நாலு பார்ட்ஸைக் கூட்டிட்டுப் போகும். எஸ்எஸ்டி போனா உங்க வேலையே போகும்.

பில்லில் வராத செலவு

இரண்டாவது மாதமே மதர்போர்டு செத்துப்போச்சு. பழைய பார்ட்ஸுக்கு வாரன்ட்டி இல்லை, கடைக்காரர் கையை விரிச்சுட்டார். வேற போர்டு ரூ.3,800. இரண்டு தடவை சென்னை போய் வந்த பஸ் செலவு ரூ.1,600. ஆக ரூ.28,400.

அடுத்து நேரம். ஓபன்கோர் செட்டிங் போட, சவுண்டு வரவைக்க, தூங்கின மெஷினை எழுப்ப என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தம்பி நேரம் மட்டும் 40 மணி. மாதம் 200 மணி நேரத்துக்கு ரூ.28,000 என்றால் ஒரு மணிக்கு ரூ.140. 40 மணி நேரம் ரூ.5,600. ஆக ரூ.34,000.

“நேரத்துக்கு எல்லாம் காசு போடுவீங்களா சார்?”னு கேட்காதீங்க. அந்த 40 மணி நேரத்தில் அவன் எடிட்டிங் பண்ணியிருந்தா காசு வந்திருக்கும். அதான் கணக்கு.

தை மாதம் நடந்தது

ஒன்றரை வருஷம் மெஷின் நல்லாவே ஓடுச்சு, அதை மறைக்க மாட்டேன். 2024 நவம்பரில் ஃபைனல் கட் புரோ 11 வந்தது. வீடியோகிராபர் அதுக்கு மாறினார். புது வெர்ஷனில் செய்த ஃபைல் பழைய வெர்ஷனில் திறக்காது. புது வெர்ஷன் வேணும்னா மேக் ஓஎஸ் சோனோமா வேணும். தம்பி மெஷினில் இருந்தது அதுக்கு முந்தைய வென்சுரா.

2025 தை, முகூர்த்த சீசன். ராத்திரி 11 மணிக்கு அப்டேட் பட்டனை அமுக்கிட்டான். முதலில் ஓபன்கோரை அப்டேட் பண்ணணும், அப்புறம்தான் சிஸ்டத்தை. அவசரத்தில் மாற்றிச் செய்துட்டான். ஆப்பிள் லோகோவோடு ஸ்கிரீன் நின்னுபோச்சு.

“அண்ணே, நாளைக்கு டெலிவரிண்ணே.” போனில் குரலே சரியில்லை.

இரண்டு ராத்திரி ஆச்சு எழுப்புறதுக்கு. எழுந்த பிறகு வைஃபை இல்லை. பழைய பிராட்காம் கார்டுகளுக்கான சப்போர்ட்டை சோனோமாவில் ஆப்பிள் எடுத்துட்டாங்க. லேன் கேபிள் போட்டு சமாளிச்சோம். ஆனா அந்த ரூ.7,000 வேலை வேறு ஒருத்தர் கைக்குப் போயிடுச்சு. வீடியோகிராபரைக் குறை சொல்ல முடியாது. பொண்ணு வீட்டுக்கு அவர்தானே பதில் சொல்லணும்?

ஆப்பிளையும் குறை சொல்ல முடியாது. அவங்க விற்காத மெஷினுக்கு அவங்க பொறுப்பு இல்லை.

லைசென்ஸ் விஷயம்

இதைச் சொல்லாம விட்டா நான் ஆடிட்டர் இல்லை. மேக் ஓஎஸ் லைசென்ஸில் தெளிவா இருக்கு: ஆப்பிள் பெயர் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும்தான் போடலாம். வீட்டில் கத்துக்க, வருமானத்துக்கு என்று அதில் பாகுபாடு கிடையாது. 2023-ல் நான் இதைப் பெரிசா எடுத்துக்கலை. அது என் தப்பு.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற கம்பெனி 2008-ல் இதையே தொழிலா செய்தது. 399 டாலரிலிருந்து மேக் ஓஎஸ் ஓடுற டெஸ்க்டாப் விற்றாங்க. அந்த வருஷம் ஜூலையிலேயே ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009-ல் சைஸ்டாருக்கு எதிரா தீர்ப்பு வந்து, விற்கத் தடை விழுந்தது. 2011-ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. அது விற்பனை செய்த கம்பெனி, நீங்க தனி ஆள், சரி. ஆனாலும் கிளையன்ட்டுக்கு பில் போட்டு சம்பாதிக்கிற வேலையை, லைசென்ஸ் இல்லாத மெஷின் மேல் நிறுத்தி வைக்காதீங்க.

கதவு மூடுது

மேலே சொன்னதை எல்லாம் சகிச்சுக்கலாம்னு வையுங்க. இப்போ புதுசா கட்ட நினைக்கிறவங்களுக்குப் பெரிய சிக்கல் வேற. 2020-லிருந்து ஆப்பிள் சொந்த சிப்புக்கு மாறிட்டாங்க. 2025 ஜூனில் அறிவிச்சுட்டாங்க: இன்டெல் மேக்குக்கு மேக் ஓஎஸ் 26 டஹோதான் கடைசி. அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் செக்யூரிட்டி அப்டேட் மட்டும். அடுத்து வர்ற மேக் ஓஎஸ்ஸை நம்ம இன்டெல் பெட்டியில் போட வழி இல்லை. அதாவது நீங்க இன்னைக்கு வாங்குற சொத்தின் எக்ஸ்பயரி தேதி ஏற்கெனவே அச்சடிச்சாச்சு.

மாசத்துக்கு எவ்வளவு?

எந்தப் பொருளுக்கும் நான் பார்க்கிற கணக்கு ஒண்ணுதான்: மொத்தச் செலவு, கழித்தல் திரும்ப விற்ற விலை, வகுத்தல் பயன்படுத்தின மாதங்கள்.

ஹேக்கின்டாஷ்: ரூ.34,000 + போன வேலை ரூ.7,000 = ரூ.41,000. விற்றது ரூ.9,000. மிச்சம் ரூ.32,000. 20 மாதத்துக்கு வகுத்தால் மாதம் ரூ.1,600.

மேக் மினி எம்4 (2024 அறிமுக விலை ரூ.59,900, 16 ஜிபி ரேம், 256 ஜிபி): வெளியே ஒரு எஸ்எஸ்டி ரூ.6,100 சேர்த்து ரூ.66,000. 5 வருஷம் கழித்து ரூ.12,000-க்கு விற்போம்னு வச்சுக்கிட்டா மாதம் ரூ.900. அதெல்லாம் இல்லை, 3 வருஷத்திலேயே ரூ.24,000-க்கு விற்கிறோம்னாலும் மாதம் ரூ.1,167.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். நேரத்துக்கும் போன வேலைக்கும் காசு போடாம பார்த்தா, ஹேக்கின்டாஷ் மாதம் ரூ.970 வருது. எல்லாமே சரியா நடந்தாலும் புது மெஷின் அளவுக்குத்தான் வருது. கரன்ட் பில் வித்தியாசம் எங்க உபயோகத்துக்கு மாதம் அறுபது ரூபாய் சொச்சம்தான், அதைப் பெரிசு பண்ண வேண்டாம்.

அப்போ நீங்க என்ன பண்ணலாம்?

*மேக்கில்தான் சம்பாத்தியம் என்றால்:* மேக் மினி பாருங்க. மாணவர்களுக்கு எம்4 ரூ.49,900-க்கு வந்தது, வீட்டில் காலேஜ் படிக்கிறவங்களுக்கு வாங்குறதா இருந்தா விசாரிங்க. கையில் காசு கம்மின்னா செகண்ட் ஹேண்ட் எம்1 மினி. பழைய ஓனர் ஆப்பிள் அக்கவுன்டிலிருந்து வெளியே வந்துட்டாரா, கம்பெனி லாக் எதுவும் இருக்கான்னு கடையிலேயே ரீசெட் பண்ணிப் பார்த்து வாங்குங்க. ரேமைப் பின்னாடி கூட்ட முடியாது, முதலிலேயே தேவையான அளவு எடுங்க.

*மேக் ஆசை மட்டும்தான் என்றால்:* ஆறு மாதம் தள்ளிப் போடுங்க. எடிட்டிங் கத்துக்கணும்னா டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷன் விண்டோஸிலேயே ஓடும்.

*பழைய பார்ட்ஸில் கட்டுறதே தப்பா?* இல்லவே இல்லை. விண்டோஸ், லினக்ஸுக்குத் தாராளமா கட்டுங்க. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலோ வேணும். ஆறு, ஏழு விலை கம்மியா கிடைக்குதேன்னு விண்டோஸுக்காக வாங்கிடாதீங்க. லினக்ஸுக்கு அது போதும்.

*பில் கேளுங்க.* பழைய பொருள் விற்கும் டீலர், வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டும் முறை இருக்கு. அதனால் பில்லில் வரி தனியா தெரியலைன்னா பயப்பட வேண்டாம். ஆனா பில்லே இல்லைன்னா வாங்காதீங்க. திருட்டுப் பொருளா இல்லையான்னு சொல்ல உங்க கையில் இருக்கிற ஒரே காகிதம் அதுதான்.

*வரி:* சம்பளம் மட்டும் வாங்குறவங்க கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் கழிக்க முடியாது. தம்பி மாதிரி தனி வருமானம் இருந்து, முறையா கணக்கு எழுதினா வருஷம் 40% கழிக்கலாம். வாங்கின வருஷம் 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்சிருந்தா அதில் பாதி.

தம்பி என்ன பண்ணான்?

லோன் வாங்காம இருந்த 20 மாதமும் எடிட்டிங் காசில் மாதம் ரூ.2,500 ஆர்டி போட்டிருந்தான். வட்டியோடு ரூ.53,000 சொச்சம். ஹேக்கின்டாஷை ரூ.9,000-க்கு நானே வாங்கிக்கிட்டேன், ஐடியா கொடுத்த பாவத்துக்கு. மீதி நாலாயிரத்தை சம்பளத்தில் போட்டு, 2025 பிப்ரவரியில் மேக் மினியும் எஸ்எஸ்டியும் வாங்கினான். கடன் இல்லை.

அந்த வகையில் அந்தப் பெட்டி அவனுக்கு ஒரு பாலமா இருந்தது, மறுக்கலை. ஆனா 2023-ல் அவனை இரண்டு ராத்திரி தூங்க விடாம பண்ணப் போறோம்னு தெரிஞ்சிருந்தா, “ஆர்டியை இன்னைக்கே ஆரம்பி, அதுவரைக்கும் வீடியோகிராபர் ஆபீஸ் மெஷினில் உட்கார்ந்து எடிட் பண்ணு”ன்னுதான் சொல்லியிருப்பேன். அவர் சம்மதிச்சும் இருப்பார். அதைக் கேட்கணும்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணலை.

பெட்டி இப்போ என் ஆபீஸில் லினக்ஸ் போட்டு ஓடுது. பசங்க அதில்தான் ஸ்கேன் பண்றாங்க. இதுவரை ஒரு நாளும் மக்கர் பண்ணலை.

நீங்க யாராவது கட்டலாம்னு லிஸ்ட் போட்டு வச்சிருந்தா, பார்ட்ஸ் விலைக்குக் கீழே இன்னும் மூணு வரி சேர்த்து எழுதுங்க: என் நேரம், திரும்ப விற்கிற விலை, எத்தனை மாதம் ஓடும். எழுதிட்டு கமெண்டில் போடுங்க, சேர்ந்து பார்ப்போம்.