மாடிப்படிக்கு அடியில் நிற்கும் மோட்டார் சைக்கிள்: சீரமைப்பதா, விடுவதா?

மைசூரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் மாடிப்படிக்கு அடியில், 1984-இல் வாங்கிய யெஸ்டி ரோடுகிங் ஒன்று பதினோர் ஆண்டுகளாக நிற்கிறது. தந்தையார் மறைந்த பின் அதை எவரும் ஓட்டவில்லை. சென்ற ஆண்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர், "இதை எடைக்குப் போட்டுவிடலாமே, சார்" என்றார். சரி என்று சொல்ல வாய் வரவில்லை. சீரமைக்கிறேன் என்று சொல்லவும் துணிவில்லை. புல்லட், ராஜ்தூத், யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று இப்படி முடிவின்றி நிற்கும் வண்டிகள் நாட்டில் பல வீடுகளில் உண்டு. அவற்றின் உரிமையாளர்களுக்கு நான் கற்றுக்கொண்டவை பயன்படக்கூடும்.

பெரும்பாலோர் முதலில் மெக்கானிக்கை அழைக்கிறார்கள். நானும் அதையே செய்தேன், அது தவறு. முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தை. எங்கள் புத்தகத்தில் மூன்று சிக்கல்கள் இருந்தன. வண்டி தந்தையார் பெயரிலேயே இருந்தது. பதிவு காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாவதுதான் வங்கி வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டியது: வண்டி வாங்கப் பெற்ற கடன் 1987-இலேயே அடைந்துவிட்டது, ஆனால் கடன் கொடுத்த வங்கியின் பெயர் புத்தகத்திலிருந்து நீக்கப்படவில்லை. கடனை அடைத்ததோடு வேலை முடிந்தது என்று தந்தையார் எண்ணிவிட்டார்.

அந்தப் பதிவை நீக்கப் படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் தேவை. கடன் கொடுத்த வங்கி இன்று வேறொரு வங்கியில் இணைந்திருந்தால், இணைத்துக்கொண்ட வங்கியையே அணுக வேண்டும். எடுத்துக்காட்டாக, ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. நாற்பதாண்டுப் பழைய கணக்கின் விவரம் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். கடன் முடிந்த கடிதமோ ரசீதோ பழைய பெட்டியில் இருந்தால், அது பொன்னுக்குச் சமம்.

உரிமையாளர் மறைந்திருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31-ஐ அளிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதமானால் கூடுதல் கட்டணம் உண்டு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவையும் கேட்கப்படும். இந்த ஒப்புதலைப் பணம் செலவிடும் முன்பே எழுத்தில் பெறுவது நல்லது. துருப்பிடித்து நிற்கும்வரை எவரும் உரிமை கோராத வண்டி, பளபளப்பாக வாசலில் வந்து நின்றதும் எல்லோருக்கும் தந்தையின் நினைவாகிவிடுகிறது. நான் என் அக்காவிடமும் தம்பியிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே மேற்கொண்டு நகர்ந்தேன்.

தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பின்னர் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை படிவம் 25 வழியாகப் புதுப்பிக்க வேண்டும். தனியார் இருசக்கர வாகனத்தைப் புதுப்பிக்கத் தாமதித்தால் மாதத்திற்கு 300 ரூபாய் கூடுதலாக வசூலிக்க மத்திய அரசின் 2021 அறிவிக்கை வழிசெய்கிறது. பசுமை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் பழைய வாகனங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. ஆகவே மொத்தத் தொகை எவ்வளவு என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையால் எழுதிய பழைய புத்தகமாக இருந்தால், அதன் விவரம் கணினிப் பதிவேட்டில் ஏறியுள்ளதா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

"ஐம்பதாண்டு வண்டிக்குத் தனி விதி உண்டாமே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்டு. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனம் தொன்மை வாகனமாகப் பதிவாகும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, தொன்மை வாகனப் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே அதைச் சாலையில் எடுக்கலாம். நாள்தோறும் ஓட்ட விரும்புவோருக்கு இது வழியன்று. எங்கள் வண்டிக்கு 2034 வரை இந்தப் பேச்சே எழாது.

ஆவணம் சரியாகும் என்று தெரிந்த பின்னரே வண்டியைத் தொட வேண்டும். அப்போதும் முதல் வேலை, சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிடுவது. எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, நிழற்படமும் எடுத்து வையுங்கள். துருவை மணல் வீச்சால் நீக்கும்போதோ, தடிப்பாகப் பெயின்ட் பூசும்போதோ எண் மறைந்துவிடுவதுண்டு. பிறகு ஆய்வாளர் முன் வண்டி எவ்வளவு அழகாக நின்றாலும் பயனில்லை. எண் பொருந்தாத வண்டி என்றால், என் கருத்தில் அத்தோடு நிறுத்திவிடலாம்.

நெடுநாள் நின்ற வண்டியின் கிக்கரை ஓங்கி உதைக்கக் கூடாது. பிஸ்டன் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருக்கும். உதைத்தால் இரண்டும் கெடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிறிது டீசலும் ஆயிலும் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியின் பிஸ்டன் நான்காம் நாள் நகர்ந்தது.

அது நகர்ந்ததாலேயே என்ஜின் நலம் என்று பொருளன்று. யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் என்ஜின்களில் கிராங்க் பகுதியின் ஆயில் சீல்கள் காய்ந்து வெடித்திருக்கும். அவ்வழியே காற்று புகுந்தால் எரிபொருள் கலவை மெலிந்து, என்ஜின் சூடேறிப் பிஸ்டன் மீண்டும் இறுகும். சீல் விலை குறைவே. ஆனால் அதை மாற்ற என்ஜினை முழுதும் பிரிக்க வேண்டும். டேங்க்கின் உட்புறத் துருவையும், கார்புரேட்டரில் பசையாக உறைந்த பழைய பெட்ரோலையும் அகற்ற வேண்டும். பழைய ரப்பர் குழாய்கள் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கா, மாற்றிவிடுவதே நல்லது. உதிரிபாகம் தேடுவோர் ஒன்றை மறக்க வேண்டாம்: மைசூரில் யெஸ்டி உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. 2022-இல் அதே பெயரில் வந்தவை முற்றிலும் வேறான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றின் பாகங்கள் பொருந்தா.

இனி பணம். எனக்குக் கிடைத்த மதிப்பீடு: என்ஜின் 32,000, சக்கரம், டயர், பிரேக், வயரிங் 23,000, பெயின்ட், குரோம் பூச்சு, இருக்கை 35,000. மொத்தம் 90,000 ரூபாய். பிரித்த பின் வெளிப்படும் சேதத்துக்கு மேலும் கால் பங்கு ஒதுக்கச் சொன்னார் மெக்கானிக். நேர்மையானவர்.

இத்தொகையை 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுத் தனிநபர் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 2,990 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 17,600. கடன் அட்டையில் நிலுவை வைப்பதை நினைக்கவே வேண்டாம், மாதத்துக்கு 3.5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 42 விழுக்காடு. விற்கும்போது போட்ட பணம் திரும்பும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. இதை முதலீடாகக் கருதாமல், விருப்பத்துக்குச் செய்யும் செலவாகக் கணக்கில் எழுதினால் எவ்வளவு வரை போகலாம் என்பது தானே புலப்படும்.

காப்பீட்டையும் கேட்டுவைத்தேன். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு ரசீதையும் பாதுகாக்க வேண்டும்.

சீரமைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வண்டியை அப்படியே கைமாற்றிவிடக் கூடாது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியுள்ளது. வாங்கியவர் விபத்து நேரவிட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு நம்மைத் தேடி வரும். எடைக்குப் போடுவதைவிட, பதிவுபெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெறுவது மேல். அந்தச் சான்றைக் காட்டிப் புதிய வண்டி வாங்கினால் சாலை வரியில் சலுகை பெற வாய்ப்புண்டு.

நான் பெயின்ட்டையும் குரோமையும் தள்ளிவைத்துவிட்டேன். என்ஜின், பிரேக், டயர் ஆகியவற்றுக்கு வேண்டிய 55,000 ரூபாய்க்காக, மாதம் 4,500 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கினேன். இது ஏழாவது மாதம். வங்கியின் தடையின்மைச் சான்று சென்ற வாரம் வந்து சேர்ந்தது. வண்டி இன்னும் மாடிப்படிக்கு அடியில்தான் நிற்கிறது. ஆனால் அம்மா அதன் மேல் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டார்.