உருவில் சிறியவை, பொருளில் பெரியவை



ஆங்கில வகுப்பில் ஒரு நாள் எங்கள் தோழி ஒருத்தி எழுந்து நின்று, வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையை முடித்துத் தந்துவிடுவதாக சிஸ்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். 'விதின் ஃப்ரைடே' என்றாள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். உடனே வகுப்பு முழுவதும் சிரித்தது; நாங்களும் சிரித்தோம். 'பை ஃப்ரைடே' என்பதே சரி என்று சிரித்தவர்களில் பலருக்கு அப்போது தெரியாது. அன்று தலை குனிந்து உட்கார்ந்தவள், அந்த ஆண்டு முடியும் வரை ஆங்கில வகுப்பில் தானாக எழுந்து ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு எண்ணிப் பார்த்தோம். தமிழில் 'வெள்ளிக்கிழமைக்குள்' என்கிறோம். 'உள்' என்பதற்கு 'விதின்' என்று படித்திருக்கிறோம். அவள் தமிழில் சரியாகவே நினைத்தாள். அதை அப்படியே ஆங்கிலத்திற்குக் கொண்டுபோனாள். அறியாமையை விட அவளுடைய தாய்மொழிப் பழக்கமே அங்கு பேசியது. இதே பிழையை நாம் எல்லோரும் வேறு வேறு இடங்களில் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆங்கிலத்தின் 'பிரிப்போசிஷன்' என்னும் முன்னிடைச்சொற்களைப் பற்றி நாங்கள் அறிந்தவற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

முன்னே வருவதும் பின்னே வருவதும்

தமிழில் பெயர்ச்சொல்லின் பொருளை வேறுபடுத்துவது வேற்றுமை உருபு. தொல்காப்பியமும் நன்னூலும் வேற்றுமை எட்டு என்று கூறுகின்றன. எழுவாய்க்கும் விளிக்கும் தனி உருபு இல்லை. இடையில் உள்ள ஆறுக்கும் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்பன உருபுகள். இவை பெயரின் பின்னே ஒட்டி வரும். ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்யும் சொற்கள் பெயரின் முன்னே தனியாக நிற்கும். 'பெட்டியில்' என்பதில் 'இல்' பின்னே நிற்கிறது. 'இன் த பாக்ஸ்' என்பதில் 'இன்' முன்னே நிற்கிறது.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம் மொழியைப் போலவே இருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை சிறிது சிறிதாகத் தேய்ந்தன. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் பெரும்பாலும் மறைந்தே போயின. 'ஹி' என்பது 'ஹிம்' என்று மாறுவது போன்ற சில அடையாளங்களே இன்று எஞ்சியுள்ளன. விகுதிகள் செய்து வந்த வேலையை முன்னிடைச்சொற்கள் ஏற்றுக்கொண்டன. ஆகையால்தான் இச்சிறு சொற்களின் மீது அம்மொழியில் இவ்வளவு சுமை இருக்கிறது.

ஓர் உருபு, பல சொற்கள்

நமக்கு வரும் தொல்லையின் வேர் இதுதான்: ஒரு தமிழ் உருபுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என்ற கணக்கு எங்கும் ஒத்துவருவதில்லை. 'ஆல்' என்னும் உருபையே எடுத்துக்கொள்வோம்.

கத்தியால் நறுக்கினாள் என்பதற்கு 'வித் எ நைஃப்' என்று சொல்ல வேண்டும். கருவிக்கு உரியது 'வித்'. ஆசிரியையால் எழுதப்பட்டது என்றால் 'பை த டீச்சர்'. செய்தவரைக் குறிப்பது 'பை'. மரத்தால் செய்த மேசை என்றால் 'மேட் ஆஃப் வுட்'. மேசையில் மரத்தை இன்னும் கண்ணால் காண்கிறோம். பாலால் ஆன தயிர் என்றால் 'மேட் ஃப்ரம் மில்க்'. பால் தன் நிலை மாறிவிட்டது. காய்ச்சலால் அவதிப்படுகிறாள் என்றால் 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'. பெற்றோர் கையொப்பமிடும் விடுமுறைக் கடிதங்களில் இந்த இடத்தில் 'வித்' என்று எழுதிவிடுபவர் பலர். தமிழில் ஒரே 'ஆல்'. ஆங்கிலத்தில் அதற்கு நான்கு சொற்கள்.

'கு' உருபும் அப்படியே. பள்ளிக்கு என்றால் 'டு ஸ்கூல்', ஐந்து மணிக்கு என்றால் 'அட் ஃபைவ்', தங்கைக்கு வாங்கினேன் என்றால் 'ஃபார் மை சிஸ்டர்'. வீட்டுக்குப் போனேன் என்பதிலோ 'வென்ட் ஹோம்' என்பதே சரி. அங்கு எந்த முன்னிடைச்சொல்லும் கூடாது. 'வென்ட் டு ஹோம்' என்று எழுதிச் சிவப்பு மைக் கோடு வாங்காதவர் நம்மில் எத்தனை பேர்?

காலமும் இடமும்

'இன்', 'ஆன்', 'அட்' மூன்றுக்கும் தமிழில் பெரும்பாலும் 'இல்' என்றே வருவதால் இவற்றில் குழப்பம் மிகுதி. இவற்றின் அடிப்படைப் பொருளை மனத்தில் இருத்தினால் பாதி வழி கடந்த மாதிரி. 'அட்' என்பது ஒரு புள்ளி. 'ஆன்' என்பது ஒரு பரப்பைத் தொட்டு நிற்பது. 'இன்' என்பது ஓர் எல்லைக்குள் அடங்கியிருப்பது. வாசலில் நிற்பவள் 'அட் த கேட்', மேசையில் உள்ள புத்தகம் 'ஆன் த டேபிள்', பையில் உள்ள பேனா 'இன் த பேக்'.

காலத்திற்கும் ஏறக்குறைய இதே முறைதான். கடிகார மணிக்கு 'அட்', நாளுக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்திற்கும் ஆண்டிற்கும் 'இன்'. காலை பத்து மணி 'அட் டென்', திங்கட்கிழமை 'ஆன் மண்டே', சூன் மாதம் 'இன் ஜூன்'. ஆயினும் காலையில் என்பதற்கு 'இன் த மார்னிங்' என்றும், இரவில் என்பதற்கு 'அட் நைட்' என்றும் வரும். இதற்கு விதி தேடிக் களைப்பதைவிட வழக்கு என்று ஏற்றுக்கொள்வதே நல்லது.

இன்னும் இரண்டு இணைகளில் கவனம் வேண்டும். மூன்று ஆண்டுகளாகப் படிக்கிறேன் என்று கால அளவைச் சொல்லும்போது 'ஃபார் த்ரீ இயர்ஸ்' என்க. 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்பது பிழை. தொடங்கிய நேரத்தைச் சொன்னால் மட்டுமே 'சின்ஸ்' வரும்: திங்கட்கிழமை முதல் என்பது 'சின்ஸ் மண்டே'. அடுத்து, வெள்ளிக்கிழமை வரை விடுதியில் இருப்பேன் என்பதற்கு 'அன்டில்'. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதற்கு 'பை'. ஆங்கில அறிவிப்பில் உள்ள 'பை' என்பதை 'அந்நாளில்' என்று மட்டும் பொருள்கொண்டு, கடைசி நாள் வரை காத்திருந்து நெரிசலில் சிக்குவோரும் உண்டு. அந்நாளிலோ அதற்கு முன்போ என்பதே அதன் பொருள்.

வேண்டாத இடமும் விட்ட இடமும்

தமிழில் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று எழுதுகிறோம். 'டிஸ்கஸ்' என்னும் வினைக்கு 'அபவுட்' தேவையே இல்லை. அறைக்குள் நுழைதல் 'என்டர் த ரூம்', 'இன்டு' வேண்டாம். பள்ளியை அடைதல் 'ரீச் த ஸ்கூல்', 'டு' வேண்டாம். மறுபுறம், 'பாட்டைக் கேட்டேன்', 'படத்தைப் பார்த்தேன்' என்று நாம் 'ஐ' உருபால் முடிக்கும் இடங்களில் ஆங்கிலம் 'லிசன் டு' என்றும் 'லுக் அட்' என்றும் ஒரு சொல்லைக் கேட்கிறது. 'லிசன்ட் த சாங்' என்று எழுதினால் வாக்கியம் நொண்டுகிறது.

எப்படிக் கற்பது?

இத்தனையையும் நினைவில் வைப்பது எப்படி என்று தங்கையர் மலைக்க வேண்டாம். வழி நம் கையிலேயே இருக்கிறது. நாள்தோறும் வகுப்பு தொடங்குமுன் சிலுவை அடையாளம் வரைகிறோம். தமிழில் செபிக்கும்போது 'பெயராலே' என்கிறோம்; ஆங்கிலத்தில் 'இன் த நேம்' என்கிறோம். தமிழில் 'ஆல்' இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'இன்' நிற்கிறது. ஆயினும் முதல் வகுப்புக் குழந்தைகூட இதைத் தவறாகச் சொல்வதில்லை. காரணம், அதை ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்து அது கற்கவில்லை. முழுத் தொடராகக் கேட்டு முழுத் தொடராகவே சொல்லிப் பழகியது.

முன்னிடைச்சொற்கள் அனைத்தையும் இப்படியே பழக வேண்டும். 'டிபெண்ட்' என்று தனியே படியாதீர்கள். 'டிபெண்ட் ஆன்' என்று படியுங்கள். 'அஃப்ரெய்ட்' என்று எழுதாமல் 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். 'குட் அட்', 'மேரிட் டு', 'வெயிட் ஃபார்' என்று ஜோடியாகவே மனத்தில் பதியட்டும். நாளைக்கு இரண்டு தொடர்களைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு பருவத்திற்குள் மாற்றம் தெரியும்.

இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி பாதிரியார் தமிழ்நாட்டிற்கு வந்து, நம் உருபுகளையும் புணர்ச்சியையும் கற்று, தேம்பாவணி பாடி, தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூலும் இயற்றி, வீரமாமுனிவர் ஆனார். நம் மொழி அவருக்கு அந்நியமாகவே தொடங்கியிருக்கும். அவரும் தொடக்கத்தில் தடுமாறியிருப்பார் என்று எண்ணுவதில் தவறில்லை. அவர் பேசியதைக் கேட்டு மக்கள் சிரித்து, அவரும் வாய் மூடியிருந்தால் தமிழுக்கு எவ்வளவு இழப்பு!

முடிவாக ஒரு சொல். ஆங்கிலத்தில் 'லாஃப் வித்' என்றால் ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது. 'லாஃப் அட்' என்றால் ஒருவரைப் பார்த்து எள்ளிச் சிரிப்பது. நட்புக்கும் புண்படுத்தலுக்கும் இடையே ஒரே ஒரு முன்னிடைச்சொல்தான் நிற்கிறது. அன்று எங்கள் வகுப்பில் நாங்கள் செய்தது இரண்டாவது. அவள் செய்த பிழையை ஒரு நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். எங்கள் பிழையைத் திருத்த ஓர் ஆண்டு ஆயிற்று. மறு ஆண்டு அவள் அருகில் போய் உட்கார்ந்தோம், மன்னிப்புக் கேட்டோம், ஜோடித் தொடர்களை அவளோடு சேர்ந்தே படித்தோம். இப்போது அவளும் எழுந்து பேசுகிறாள். தவறினால் அவளே முதலில் சிரிக்கிறாள், நாங்களும் அவளோடு சிரிக்கிறோம்.

தங்கையரே, வகுப்பில் ஒருத்தி தடுமாறும்போது இந்தச் சிறு சொல்லை நினைவுகூருங்கள். சரியாகப் பேசக் கற்போம். பிறர் அஞ்சாமல் பேசவும் துணை நிற்போமாக!