ஷிஃப்ட் முடிந்த பிறகும் காதில் 'ஙொய்ங்' சத்தமா?

திருப்பாச்சூர் பக்கமிருந்து காக்களூர் சிட்கோவுக்கோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ வேலைக்குப் போகிறவரா நீங்கள்? பஸ்ஸில் ஏறிய பிறகும் காது இரைந்தால், அது முதல் எச்சரிக்கை.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் சுமார் 15,000 முடி செல்கள் உண்டு. ஒலி அதிர்வை மின் சமிக்ஞையாக்கி மூளைக்கு அனுப்புபவை இவைதான். பிரஸ் மெஷின், கிரைண்டர் இரைச்சலில் அழிந்துபோனால் மறுபடி முளைக்காது. முதலில் நழுவுவது 'ச', 'ஸ' போன்ற கீச்சொலிகள். அதனால்தான் 'பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியல' என்கிறார்கள். வீட்டில் டி.வி. சத்தமும் கூடிக்கொண்டே போகும்.

விதிப்படி 90 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம்தான் இருக்கலாம். 95 என்றால் 4 மணி நேரம். இந்தக் காதுகேளாமை, சட்டப் பட்டியலில் உள்ள தொழில்நோய். பஞ்சு போதாது (பலரும் அதைத்தான் வைக்கிறார்கள்!). நிர்வாகத்திடம் இயர் பிளக் கேளுங்கள். ஆண்டுக்கொருமுறை ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள்.